வீட்டில் காஃப் அசிஸ்ட், சக்‌ஷன் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலூரில் பிசியோதெரபிஸ்ட். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை. டுஷென் தசைச்சிதைவு உள்ள பையன்கள், எஸ்.எம்.ஏ. என்ற மரபுவழித் தசைநலிவு நோய் உள்ள குழந்தைகள், தசையை இயக்கும் நரம்புகள் கெடும் மோட்டார் நியூரான் நோய் வந்த பெரியவர்கள், கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கை கால் விழுந்தவர்கள் என்று நோய் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சளியைப் பற்றி வீட்டார் கேட்கிற கேள்விகள் மாறுவதே இல்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூச்சுத் தசை பலவீனமானவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். ஆஸ்துமாவுக்கும், புகையால் கெட்டுப்போன நுரையீரலுக்கும் கணக்கு வேறு. இதில் வரும் எண்கள் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் வேறு எண் இருந்தால் தாளில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

"எக்ஸ்ரேயில நுரையீரல் நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் ஏன் சளி வெளியே வர மாட்டேங்குது?"

ஒரு நல்ல இருமலுக்கு மூன்று வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். முதலில் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். அடுத்து தொண்டையின் குரல்வளை ஒரு நொடி இறுக மூடி, உள்ளே காற்று அழுத்தப்பட வேண்டும். கடைசியாக வயிற்றுத் தசையும் விலாத் தசையும் சட்டென இறுகி அந்தக் காற்றை வேகமாக வெளியே தள்ள வேண்டும். அந்த வேகம்தான் சளியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது.

தசை நோயில் இந்த மூன்றில் ஒன்றோ, மூன்றுமோ குறைந்துபோகும். நுரையீரல் நன்றாகவே இருக்கலாம். சளி எல்லோருக்கும் தினமும் ஊறுகிறது, நாம் கவனிக்காமலேயே விழுங்கிவிடுகிறோம். இவர்களுக்கு அதிகமாக ஊறுவதில்லை. ஊறுவதை மேலே கொண்டுவர வலு இல்லை. அதனால்தான் நமக்கு மூன்று நாளில் போகிற ஜலதோஷம் இவர்களுக்கு நிமோனியாவில் போய் நிற்கிறது.

"இருமல் பலவீனமா இருக்குன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் இருக்கிறது. விலை குறைவு. அதில் வாயை வைத்து, அல்லது மாஸ்க் மாட்டி, முடிந்த மட்டும் பலமாக இருமச் சொல்வோம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே வந்தால், சாதாரண நாளில் சமாளித்தாலும் ஜலதோஷம் பிடிக்கும்போது மாட்டிக்கொள்வார்கள். 160-க்குக் கீழே வந்தால் நல்ல நாளிலேயே சளி வெளியே வராது. சின்னக் குழந்தைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

மீட்டர் இல்லையென்றால், ஆழமாக மூச்சு இழுத்து ஒரே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். முன்பு 30 வரை போனவர் இப்போது 15-இல் நின்றுவிடுகிறார் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். குரல் மெலிந்துபோவது, மூக்கைச் சிந்த முடியாமல் போவது, காலையில் தலைவலியோடு எழுவது எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான்.

"காஃப் அசிஸ்ட்னா என்ன? அது உள்ள என்ன பண்ணுது?"

மாஸ்க் வழியாக முதலில் காற்றைத் தள்ளி நெஞ்சை நன்றாக விரிக்கும். விரிந்த அடுத்த கணமே திசையை மாற்றி, காற்றை வெளியே இழுக்கும். இந்தச் சட்டென்ற மாற்றத்தில், தசை செய்ய வேண்டிய வேகத்தை மெஷின் உண்டாக்கிவிடுகிறது. தொண்டைக்குள் குழாய் விடாமலேயே சளி மேலே வந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1950-களில் போலியோவால் மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்காக உண்டான முறை. நடுவில் பல வருடம் மறந்துபோய், 1990-களில் மறுபடி பரவலாக வந்தது.

"சக்‌ஷன் மெஷின் வாங்கியாச்சு. அதுவே போதாதா?"

போதாது. சக்‌ஷன் என்பது வாசலில் வந்து கிடப்பதை அள்ளுவது. காஃப் அசிஸ்ட் உள்ளறையில் இருப்பதை வாசலுக்குக் கொண்டுவருவது. வாய்க்குள் விடும் சக்‌ஷன் குழாய் வாயையும் தொண்டையின் மேற்பகுதியையும்தான் சுத்தம் செய்யும். மூச்சுக்காகக் கழுத்தில் ஓட்டை போட்டு டியூப் வைத்தவர்களுக்கு ஆழமாகக் குழாய் விட்டாலும் அது பெரும்பாலும் வலது நுரையீரல் பக்கமே போகும். இடது பக்கத்துச் சளி அப்படியே தங்கிவிடும். காஃப் அசிஸ்ட் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே இழுக்கும்.

மறுபடி தலைகீழாகவும் கேட்பார்கள்: காஃப் அசிஸ்ட் இருந்தால் சக்‌ஷன் வேண்டாமா? வேண்டும். மேலே வந்த சளியைத் துப்பவோ விழுங்கவோ முடியாதவருக்கு, உடனே எடுக்கச் சக்‌ஷன் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மூச்சிலேயே சளி திரும்ப உள்ளே போய்விடும்.

"இவ்ளோ காத்தை உள்ள தள்ளினா நுரையீரல் வெடிச்சிடாதா?"

இந்தப் பயம் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. நீங்களும் நானும் கொட்டாவி விடும்போதும் பெருமூச்சு விடும்போதும் நுரையீரல் விரிகிறதே, அந்த முழு விரிவைத்தான் மெஷின் கொடுக்கிறது. தசை பலவீனமானவருக்கு அந்த விரிவு பல மாதங்களாகவே கிடைத்திருக்காது. அதனால் விலா எலும்புக்கூடு இறுகிப்போயிருக்கும். முதல் சில நாள் நெஞ்சு, விலா வலிப்பது அதனால்தான்.

ஆனால் சிலருக்கு இதைப் போடக் கூடாது என்பதும் உண்மை. நுரையீரலில் காற்றுக் குமிழிகள் உள்ளவர், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த நியூமோதொராக்ஸ் சமீபத்தில் வந்தவர், இருமலில் ரத்தம் வருபவர், அண்மையில் நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர், ரத்த அழுத்தம் நிலையில்லாமல் இருப்பவர் ஆகியோர் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. மெஷின் போடும்போது திடீரென ஒரு பக்க நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

"பக்கத்துத் தெருப் பையனுக்கு 40 வெச்சிருக்காங்க. எங்களுக்கு 25தான். ஏமாத்தறாங்களா?"

இல்லை. அழுத்தத்தை நீரழுத்தம் என்று சென்டிமீட்டரில் சொல்வார்கள். பழக்குவதற்கு 15, 20 என்று தொடங்கி, நாளாக ஆக ஏற்றுவார்கள். நிறையப் பெரியவர்கள் உள்ளே 40, வெளியே 40 என்ற அளவில் நிற்பார்கள். குழந்தைக்கும், தொண்டைத் தசை பலவீனமானவருக்கும் குறைவாகவே நிற்கலாம். நெஞ்சு நன்றாக எழும்புகிறதா, இருமல் சத்தம் கேட்கிறதா, சளி வருகிறதா என்பதை வைத்துத்தான் அளவு முடிவாகும்.

நீங்களாக ஏற்றாதீர்கள். அதே சமயம், முதல் நாள் 20-இல் வைத்துக் கொடுத்த மெஷின் ஒரு வருடம் கழித்தும் அதே 20-இல் கிடப்பதையும் பார்க்கிறேன். மெஷின் வேலை செய்யவில்லை என்று அந்த வீட்டில் ஓரங்கட்டி வைத்திருப்பார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "இதை ஏற்ற வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடணும்? சாப்பிட்டதும் போடலாமா?"

வழக்கமாக இப்படிச் சொல்வோம்: உள்ளே இரண்டு மூன்று நொடி, வெளியே இரண்டு மூன்று நொடி, நடுவில் ஒரு சின்ன இடைவெளி. இப்படி ஐந்து இருமல் சேர்ந்தது ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் மாஸ்க்கை எடுத்து, சளியைத் துடைத்தோ உறிஞ்சியோ, அரை நிமிடம் ஒரு நிமிடம் ஓய்வு. நான்கைந்து சுற்று போதும். கடைசிச் சுற்றை உள்ளே போகும் காற்றோடு முடியுங்கள். அப்போதுதான் நுரையீரல் சுருங்கிய நிலையில் நிற்காது.

காலையில் டிபனுக்கு முன்பு ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்போ படுக்கப் போகும்போதோ ஒன்று. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழியாமல் போடாதீர்கள். வாந்தி வந்து அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. சளி பிடித்த நாளில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மணிக்கு ஒருமுறைகூடத் தேவைப்படும், நடு ராத்திரியிலும்.

"ஜலதோஷமே இல்லாதப்போ எதுக்குத் தினமும் போடணும்?"

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான். காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, வீடே பதறுகிற ராத்திரியில் முதன்முதலாக மாஸ்க்கை முகத்தில் அமுக்கினால் யாராலும் ஒத்துழைக்க முடியாது. மெஷினின் தாளத்தோடு சேர்ந்து இரும உடம்புக்குப் பழக்கம் வேண்டும். மாஸ்க்கைச் சரியாகப் பிடிக்க உங்கள் கைக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் நல்ல நாளில்தான் வரும்.

தினமும் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. முன்பு சொன்னேனே, இறுகிப்போகும் விலா எலும்புக்கூடு, அது இளகியபடி இருக்கும். சளியே வராவிட்டாலும் அன்றைய பயிற்சி வீணாகவில்லை.

"மாஸ்க் வெச்சாலே அம்மா பயந்து தள்ளிவிடறாங்க. என்ன செய்ய?"

முதலில் அவர் கையில் காற்றைப் பிடித்துக் காட்டுங்கள். அப்புறம் கன்னத்தில். மாஸ்க்கை அவரே பிடித்து முகத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. சில நாள் உள்ளே போகும் காற்று மட்டும், குறைந்த அழுத்தத்தில். வெளியே இழுப்பதைப் பிறகு சேர்க்கலாம். நிறுத்த வேண்டுமானால் என்ன சைகை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்: கண்ணை இறுக மூடுவது, விரலை அசைப்பது, எது முடியுமோ அது. அவர் சைகை காட்டினால் ஒரு நொடி தாமதிக்காமல் மாஸ்க்கை எடுங்கள். தன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த நாள் மாஸ்க்கை வைக்க விடுவார்.

போடும்போது வாயால் சொல்லிக்கொண்டே இருங்கள்: "இழும்மா, இழு... இருமு!" படுத்திருப்பவரைக் கொஞ்சம் சாய்வாக உட்கார வையுங்கள். தலையணையை முட்டுக் கொடுத்து, தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் வயிற்றில் கை வைக்கலாம். அது எப்படி என்று அடுத்த பதிலில்.

"மெஷின் லட்சக்கணக்குல சொல்றாங்க. எங்களால முடியாது. வேற வழியே இல்லையா?"

இருக்கிறது. மெஷின் இல்லாத வீடுகள்தான் அதிகம், அவர்களுக்கு இந்த இரண்டு வழியையும் கட்டாயம் சொல்லிக் கொடுப்பேன்.

ஒன்று, கையால் இருமலுக்குத் துணை. நோயாளி முடிந்த அளவு மூச்சு இழுத்து நிறுத்தியதும், "இருமு" என்று சொல்லி, அவர் இருமும் அதே நொடியில் உங்கள் உள்ளங்கையால் தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே, உள்ளேயும் மேலேயுமாகச் சட்டென அமுக்க வேண்டும். நெஞ்செலும்பின் கீழ்முனையில் கை படக் கூடாது. நேரம் தவறினால் பலன் இல்லை. சாப்பிட்ட வயிறு, வயிற்றில் புதிதாகப் போட்ட உணவுக் குழாய், உடைந்த விலா, கர்ப்பம், இன்னும் உறுதிப்படாத முதுகெலும்பு முறிவு இருந்தால் செய்யக் கூடாது.

இரண்டு, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பையான ஆம்பு பேக் வைத்து மூச்சை அடுக்குவது. ஒரு மூச்சு கொடுத்து, அதை விடாமல் பிடிக்கச் சொல்லி, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என்று மூன்று நான்கு மூச்சை நிரப்பி, பிறகு வயிற்றில் அமுக்கி இருமவிடுவது. மூச்சு திரும்பி வராமலிருக்க இந்த பேக்கில் ஒருவழி வால்வு சேர்த்திருப்பார்கள். அப்படி மாற்றிய பேக்கில் "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் மூச்சு கொடுக்க யாராவது அதை எடுத்துவிட்டால், கொடுத்த காற்று வெளியே வர வழியிருக்காது. இரண்டையும் ஒரு பிசியோ பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பிறகுதான் தனியாகச் செய்ய வேண்டும்.

"வாயில சக்‌ஷன் பண்றப்போ ஓங்கரிக்கறாங்க. எங்க தப்பு?"

நாக்கின் பின்பகுதியைக் குழாய் தொடுகிறது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில்தான் எச்சில் தேங்கும், அங்கே பக்கவாட்டில் விடுங்கள். வாய்க்கு யாங்கர் என்ற வளைந்த கெட்டிக் குழாய் வசதியாக இருக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

மெஷினில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம் போதும், 150-ஐத் தாண்ட வேண்டாம். குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவு. குழாய் முனையை விரலால் அடைத்துப் பார்த்தால்தான் முள் உண்மையான அளவைக் காட்டும். மெஷின் சத்தம் போடுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால் முதலில் ஜாடி மூடியைத் திறந்து சரியாக மூடுங்கள். அநேகமாக அதுதான் காரணமாக இருக்கும்.

"நைனாவுக்குக் கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வெச்சிருக்காங்க. குழாயை எவ்ளோ ஆழம் விடணும்?"

டியூப்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான். முனையைத் தாண்டி அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்று. அதே அளவு டியூப் கூடுதலாக ஒன்று வீட்டில் வைத்திருப்பீர்கள். அதற்குள் குழாயை விட்டு அளந்து, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தட்டும் வரை விட்டு இழுக்கும் பழக்கம் மூச்சுக்குழாயின் சவ்வைப் புண்ணாக்கும்.

உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. குழாயின் மூட்டில் கட்டைவிரலால் மூடும் துளையை மூடாமல் விட்டு, வெளியே எடுக்கும்போதுதான் மூடி, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே எடுக்க வேண்டும். மொத்தமும் 10 நொடிக்குள். அடுத்தது போடும் முன்பு அவர் மூச்சு சீராகட்டும். குழாயின் தடிமன் டியூப் உள்துளையில் பாதியைத் தாண்டக் கூடாது. 7 நம்பர் டியூப்புக்கு 10 நம்பர் குழாய், அதன் மூட்டு கறுப்பு நிறம். 12 வெள்ளை, 14 பச்சை. கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கி வராதீர்கள்.

காஃப் அசிஸ்ட்டையும் மாஸ்க்குக்குப் பதில் இணைப்பான் மாட்டி நேரே டியூப்பில் போடலாம். முதலில் அது, பிறகு டியூப் வாயில் வந்ததை மட்டும் சக்‌ஷன். இப்படிச் செய்தால் ஆழமாகக் குழாய் விட வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

"சலைன் ஊத்திட்டு சக்‌ஷன் பண்ணா சளி இளகுமாமே?"

வழக்கமாகச் செய்ய வேண்டாம். ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும், சளியோடு அது கலப்பதும் இல்லை. கெட்டிச் சளிக்கு உடம்பில் நீர்ச்சத்து ஏற்றுவது, டாக்டர் சொன்னால் சலைன் நெபுலைசர், டியூப் உள்ளவருக்கு ஈரப்பத ஃபில்டர், இவைதான் வழி. நம் ஊர்க் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்போது டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தாதவர்களுக்கு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

"சக்‌ஷன்ல ரத்தம் வருது!"

சளியில் நூல் போலச் சிவப்பு என்றால் சவ்வு உராய்ந்திருக்கிறது. ஆழத்தையும் அழுத்தத்தையும் முன்பு சொன்னபடி சரிபாருங்கள். சிவப்பாகவே வந்தால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால், காஃப் அசிஸ்ட்டையும் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். கழுத்து டியூப்பில் புது ரத்தம் பெருகி வந்தால் உடனே 108.

"மருந்துக் கடையில இருமல் சிரப் கொடுத்தாங்க. கற்பூரவல்லி கஷாயமும் கொடுக்கறோம்."

இருமலை அடக்கும் சிரப் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் இருமலையும் அது பறித்துவிடும். தூக்கம் வரவழைக்கும் ஜலதோஷ மாத்திரைகள் சளியைக் கெட்டியாக்கும். தூக்க மாத்திரை மூச்சையே மந்தமாக்கும். எந்த மாத்திரையும் டாக்டரிடம் "மூச்சுத் தசை பலவீனம்" என்று சொல்லிவிட்டுத்தான்.

கஷாயத்தை நான் தடுப்பதில்லை, நன்றாக விழுங்குபவராக இருந்தால். தண்ணீர் குடிக்கும்போதே புரையேறுகிறவருக்கு அது நுரையீரலுக்குத்தான் போகும். ஆவி பிடிக்கக் கொதிக்கும் பாத்திரத்தை, கை அசைக்க முடியாதவர் முன்னால் வைக்காதீர்கள்.

"ஆக்ஸிஜன் 92 காட்டுது. சிலிண்டர் வெச்சிடலாமா?"

விரலில் மாட்டும் மீட்டர் 95-க்குக் கீழே போனால், இவர்களுக்கு முதல் சந்தேகம் சளி அடைப்பு. அடுத்தது மூச்சின் அளவு போதாமை. எனவே முதலில் காஃப் அசிஸ்ட், சக்‌ஷன், மறுபடி காஃப் அசிஸ்ட். மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை தரும் பைபேப் மெஷின் இருந்தால் போடுங்கள். சளி வந்ததும் எண் ஏறுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஏறவில்லை என்றால், ஏறிவிட்டுத் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெறும் ஆக்ஸிஜனை வைத்துவிட்டு உட்காருவதில் என்ன ஆபத்து? எண் அழகாக 98 காட்டும். ஆனால் மூச்சுத் தசை வேலை செய்யாததால் கரியமிலவாயு உள்ளேயே சேரும். அந்த மீட்டர் அதைக் காட்டாது. நோயாளி அமைதியாகத் தூங்குகிறார் என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். உண்மையில் அவர் மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். உதடு நீலம் பாய்ந்த அவசரத்தில் ஆக்ஸிஜனை மறுக்கச் சொல்லவில்லை. ஆக்ஸிஜனோடு மூச்சுக்கும் துணை வேண்டும் என்கிறேன்.

"மெஷின் போட்டும் ஒண்ணுமே வரலை. மாமாவுக்குப் பேச்சும் குழறுது."

பேச்சு குழறாதவராக இருந்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா, அழுத்தம் போதுமா, அவர் தாளத்தோடு சேர்ந்து இருமுகிறாரா என்று பாருங்கள். பேச்சும் விழுங்குவதும் கெட்டுப்போன மோட்டார் நியூரான் நோயில் சிக்கல் வேறு. மெஷின் வெளியே இழுக்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழியை மூடிக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் இறுக மூடும். இவர்களுக்கு அழுத்தத்தைக் குறைத்து, காற்று உள்ளே போகும் நேரத்தைக் கூட்டி, மெதுவாக ஏற்றி, ஆளுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். வீட்டில் ஊகித்துச் செய்கிற காரியமில்லை. மெஷினோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே போட்டுக் காட்டி மாற்றி வாருங்கள்.

வாயிலிருந்து ஒழுகுவது எச்சிலா, நெஞ்சுச் சளியா என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். எச்சிலை வற்ற வைக்க மருந்து உண்டு. ஆனால் அது நெஞ்சுச் சளியையும் கெட்டியாக்கலாம்.

"கரண்ட் போயிட்டா?"

மே மாதத்தில் இந்தக் கேள்வி தினமும் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் காஃப் அசிஸ்ட், பைபேப் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இந்த மெஷின்களைக் கெடுக்கலாம். சக்‌ஷனுக்குப் பேட்டரி உள்ள மாடல் கிடைக்கிறது. அதைவிட, காலால் மிதிக்கும் சக்‌ஷன் பம்ப் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கடியில் வையுங்கள். கரண்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். கழுத்து டியூப் உள்ள வீட்டில் அது இல்லாமல் இருக்கவே கூடாது. ஒருவழி வால்வு போடாத சாதாரண ஆம்பு பேக்கும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"டியூப், ஜாடியெல்லாம் எப்படிக் கழுவறது? எங்க போர் தண்ணி ஒரே உப்பு."

ஜாடி முக்கால் நிறையும் முன்பே கொட்டுங்கள், நிறைந்தால் தண்ணீர் மோட்டாருக்குப் போகும். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயில் படாமல் நிழலில் காயவிடுங்கள். ஒவ்வொரு முறை உறிஞ்சிய பிறகும் கொஞ்சம் சுத்தமான தண்ணீரை இழுத்துக் குழாயை அலசுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் போர் தண்ணீர் வெள்ளையாகப் படிந்துவிடும், கடைசி அலசலுக்குக் கொதிக்க வைத்து ஆறிய கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஜாடிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் ஃபில்டர் நனைந்தால் மாற்றத்தான் வேண்டும். காஃப் அசிஸ்ட்டின் மாஸ்க், குழாயையும் இப்படியே. மெஷினை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

"அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? எங்க போய்க் கத்துக்கறது?"

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவும் இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தசைச்சிதைவுக்கும் தண்டுவடப் பாதிப்புக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் பெயரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதியச் சொல்லுங்கள், பிசியோ வீட்டுக்கே வருவார்.

கற்றுக்கொள்ள நமக்குத் தூரமில்லை. சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் பாகாயத்தில் இருக்கிறது. விபத்தில் தாமே கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கியது அது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போனாலும், கவனித்துக்கொள்பவர் இரண்டு பேராகப் போங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் சிக்கல்.

"எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? மெஷினையும் எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

காய்ச்சலோடு சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால், காஃப் அசிஸ்ட் மணிக்கொருமுறை போட்டும் சமாளிக்க முடியாவிட்டால், பகலில் வழக்கமில்லாமல் தூங்கி வழிந்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், மூச்சு இழுக்கும்போது வயிறு உள்ளே போனால் காத்திருக்காதீர்கள்.

மெஷினை, மாஸ்க்கை, பைபேப்பைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் காஃப் அசிஸ்ட் இருக்காது. இருந்தாலும் இவருக்குப் பழகிய அளவு அதில் இருக்காது. ஒரு தாளில் நோயின் பெயர், மெஷினின் அழுத்த அளவுகள், கழுத்து டியூப்பின் நம்பர், சாதாரண நாளில் ஆக்ஸிஜன் எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் யார் என்று எழுதி மெஷின் பையிலேயே வையுங்கள். அதன் தலைப்பில் பெரிய எழுத்தில்: "மூச்சுத் தசை பலவீனம். ஆக்ஸிஜன் மட்டும் போதாது, மூச்சுக்குத் துணை வேண்டும்." கேஷுவாலிட்டியில் முதலில் வருகிற டாக்டர் கையில் அதைக் கொடுங்கள். 108 வண்டியில் ஏறும்போதே உதவியாளரிடமும் காட்டுங்கள்.